ஆயில் பெயிண்ட் போட்ட தெரு

பூவாலங்குடிக் கண்மாய்க்கரைத் தெருவில் இருந்த முப்பத்தேழு வீடுகளும், அவற்றின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளும், கொடியில் காய்ந்த பாவாடைகளும், குழாயடியில் வரிசை போட்டிருந்த குடங்களும், குடம் இல்லாதவர்கள் இடம்பிடித்து வைத்த செங்கற்களும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை விடிந்து பார்க்கும்போது ஆயில் பெயிண்டாக மாறியிருந்தன. முதலில் பார்த்தவள் இட்லிக்கடை இருளாயி. மாவுச் சட்டியோடு வாசலுக்கு வந்தவள், எதிர்வீட்டுச் சுவரில் பிரஷ் இழுத்த தடம் தடமாக நீலம் மினுங்குவதையும், வேப்பமரம் பச்சைத் திட்டுகளாக நிற்பதையும், கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கை இரண்டே இழுப்பில் முடிந்துபோயிருப்பதையும் பார்த்தாள். தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், அதுவும் அப்படித்தான் இருந்தது. சரி என்று அடுப்பைப் பற்றவைத்தாள். தீ மஞ்சளும் சிவப்புமாகத் தடித்து எரிந்தது, ஆனால் சுட்டது. இட்லி வெறும் வெள்ளைத் திட்டாக வெந்து வந்ததே ஒழிய ருசியில் ஒரு குறையும் இல்லை என்று அன்று சாப்பிட்ட அத்தனை பேரும் சொன்னார்கள். சட்னியில் உப்பு கொஞ்சம் தூக்கல், அது எப்போதும் உள்ளதுதான்.

இது யார் வேலை என்று தவமணிக்கு மட்டும் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அது அவள் வேலை. பிரஷ் தடிமனை ஆறில் வைத்தது அவள்தான். ஏழில் வைத்திருந்தால் தெருவில் பாதிப் பேருக்கு மூக்கே மிஞ்சியிருக்காது.

தவமணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செபஸ்டியானின் டிஜிட்டல் ஸ்டுடியோவில் பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள். பூவாலங்குடியில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அந்தப் படம் அவள் கைபட்டுத்தான் ஃப்ளெக்ஸுக்குப் போகும். கொஞ்சம் கலர் ஏத்திக் குடும்மா என்பார்கள், ஏற்றுவாள். இறந்துபோனவருக்கு ரேஷன் கார்டில் இருக்கும் நகக்கண் அளவுப் படம் தவிர வேறு படமே இல்லை என்று அழுதுகொண்டு வருவார்கள். அதைப் பெரிதாக்கினால் முகமே தேறாது. அதற்கு அந்தத் தொழிலில் ஒரே வழி, ஆயில் பெயிண்ட் போட்டுவிடுவது. மங்கலெல்லாம் பிரஷ் தடத்துக்குள் மறைந்து, செத்தவர் ஜமீன்தார் மாதிரி சுவரில் ஏறிவிடுவார். அதில் தவமணியை அடித்துக்கொள்ள அந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது.

அதனால்தான் கண்மாய் அழகுபடுத்தும் திட்டத்தின் அலுவலர் வைகுந்தநாதன் அவளிடம் வந்தார். அக்கரையிலிருந்து எடுத்த ஒரு படத்தைக் கொடுத்தார். படத்தில் கண்மாய்த் தண்ணீர், தண்ணீருக்கு மேலே கரை, கரைமேல் முப்பத்தேழு வீடு. அந்த வீடுகளை எடுத்துவிட வேண்டும், எடுத்த இடத்தில் புல்தரையும் பெஞ்சும் படகுத்துறையும் வைக்க வேண்டும், பிறகு மொத்தத்துக்கும் ஆயில் பெயிண்ட் போட்டு, திறப்பு விழாவுக்கு முப்பதடி ஃப்ளெக்ஸாகக் கொடுக்க வேண்டும்.

“பெயிண்ட் எதுக்குங்க சார்? போட்டோவாவே நல்லாத்தான இருக்கு” என்றாள் தவமணி.

“போட்டோவா வச்சா, இங்க இருந்த வீடெல்லாம் எங்கன்னு நாலு பேர் கேப்பான். பெயிண்டிங்கா வச்சா, ஆகா அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருவான்” என்றார் வைகுந்தநாதன். தன் புத்திசாலித்தனத்தில் அவருக்கே ஒரு சந்தோஷம்.

படத்தில் இடமிருந்து ஒன்பதாவது வீடு தவமணியின் வீடு. அவள் புருஷன் அழகர் கொத்தனார். ஊருக்கெல்லாம் வீடு கட்டிவிட்டு வந்து, மிச்ச நேரத்தில், மிச்ச சிமெண்டில், பதினோரு வருஷமாக ஒவ்வொரு அறையாகக் கட்டிய வீடு அது. வாசற்படியில் சிமெண்ட் காயும் முன்னே கரண்டி முனையால் இருவர் பெயரையும் வருஷத்தையும் கீறியிருந்தான். வைகுந்தநாதன் எந்த வீட்டுக்காரி நீ என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, சரிங்க சார் என்று மட்டும் சொன்னாள்.

இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. முதலில் அழிக்க வேண்டும், அழித்த இடத்தை நிரப்ப வேண்டும், கடைசியில்தான் பெயிண்ட் போட வேண்டும்; மாற்றிச் செய்தால் ஒட்டுப் போட்டது பல்லிளித்துவிடும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரிந்த முறை அது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை அழிக்கும் ரப்பரை முதல் வீட்டின்மேல் கொண்டுபோனவள், இருளாயி கடை வாசலில் ஒரு புள்ளியாக இருளாயியே நிற்பதைப் பார்த்தாள், தன் வீட்டுக் கொடியில் தன் ரோஸ் நிற நைட்டி காய்வதைப் பார்த்தாள், கை வரவில்லை. அழிக்கிறதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெயிண்டை முதலில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். விடிந்தால் தெரு இப்படி.

தெருக்காரர்கள் இரண்டே நாளில் பழகிக்கொண்டார்கள். மழையில் கரையுமோ என்று முதலில் பயந்தார்கள். புதன்கிழமை பெய்த மழையில் ஒன்றும் கரையவில்லை, மழைதான் சாய்ந்த கோடு கோடாகப் பெய்தது. தெருவுக்குள் நுழையும் சின்னப் பாலத்தைத் தாண்டி யார் வந்தாலும் பெயிண்டாகிவிடுவதும், திரும்பிப் போகும்போது பழைய ஆளாகிவிடுவதும் தெரிந்த பிறகு, சொந்தக்காரர்கள் பழையபடி வந்துபோனார்கள். புதுமாப்பிள்ளைகள் பெண்டாட்டியைக் கூட்டிவந்து பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தி அழகு பார்த்தார்கள். வயசானவர்களுக்கு முகச் சுருக்கமெல்லாம் மறைந்ததில் பரம திருப்தி. பேன் பார்க்கத்தான் முடியவில்லை, தலைமுடி முழுக்க ஐந்தாறு கறுப்புத் தீற்றலாக இருந்தால் எங்கே போய்ப் பேனைத் தேடுவது, ஆனால் அரித்தது.

குறை மூன்றாம் நாள்தான் உறைத்தது. பிரஷ் அகலத்தைவிடச் சின்னதாக உள்ள எதுவும் அந்தத் தெருவில் நிற்கவில்லை. ஊசிக் காது நிற்கவில்லை, அரிசியில் கல் நிற்கவில்லை, எழுத்து நிற்கவில்லை. கேஸ் புத்தகம், ஆதார் கார்டு, பள்ளிக்கூடப் பாடம், செல்போனில் வந்த சேதி எல்லாம் பாலம் தாண்டியதும் இழுவிக்கொண்டு வெறும் கறுப்பும் நீலமுமாகின. பிள்ளைகள் பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். கதவு நம்பர் போயிற்று, பெயர்ப்பலகை போயிற்று. அழகர் வேலைவிட்டு வந்து வாசற்படியில் குத்தவைத்து, கீறல் இருந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தான், விரலுக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை.

ஆனால் அதே குறைதான் நாலாம் நாள் அவர்களைக் காப்பாற்றவும் செய்தது. வீட்டைக் காலிசெய்யச் சொல்லி முப்பத்தேழு நோட்டீஸோடு வைகுந்தநாதனின் ஆட்கள் வந்தார்கள். நோட்டீஸைக் கதவில் ஒட்டவேண்டும், ஒட்டியதைத் தேதியோடு போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பவேண்டும், அப்போதுதான் அது ஒட்டியதாகக் கணக்கு. பாலம் தாண்டியதுமே காகிதத்தில் இருந்த அத்தனை அதட்டலும் இழுவிப்போயிற்று. அவர்களும் சளைக்காமல் ஒட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், அனுப்பினார்கள். மேலிடத்திலிருந்து கேட்டார்கள், நோட்டீஸ் ஒட்டச் சொன்னால் எதற்காகக் கதவுக்குக் கதவு சித்திரம் ஒட்டி வைத்திருக்கிறீர்கள் என்று. மறுபடி ஒட்டினார்கள். பெரிய எழுத்தில் அடித்து வந்து ஒட்டினார்கள். தெருவே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

“தம்பி, போன தடவ ஒட்டுனதுல செவப்பு கொஞ்சம் கூட இருந்துச்சு, அதான் எனக்குப் புடிச்சிருந்தது” என்றாள் இருளாயி, பசை வாளியோடு நின்றவனைப் பார்த்து. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, திரும்பிக்கொண்டான்.

வைகுந்தநாதன் மடையர் அல்ல. ஃப்ளெக்ஸ் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க ஸ்டுடியோவுக்கு வந்தவர், கம்ப்யூட்டரில் இருந்த படத்தைப் பார்த்தார், ஜன்னல் வழியாகத் தூரத்தில் தெரிந்த தெருவைப் பார்த்தார், காக்கை முதற்கொண்டு ஒன்றாக இருப்பதைப் பார்த்தார். படத்தில் எதுவோ அதுதான் தெருவில் என்று அவருக்கு விளங்கிவிட்டது. இதில் ஆச்சரியப்படவெல்லாம் அவருக்கு நேரமில்லை; வேலை சுலபமாகிவிட்டதே என்றுதான் தோன்றியது.

“நான் சொன்னதுல பாதிதானம்மா பண்ணிருக்க. வீட்ட அழிக்கச் சொன்னேன்ல? அழி.”

“முடியாதுங்க சார்.”

“ஏன்?”

“ஒம்பதாவது வீடு எங்க வீடு சார்.”

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார், மனசு இரங்குகிற மாதிரிகூடத் தெரிந்தது. “அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. உன் கையாலயே அழிச்சிரு. இருபத்தெட்டுக் கிலோமீட்டர் தள்ளி மாடி வீடு கட்டியிருக்கோம், உனக்கு எந்த மாடி வேணுமோ நீயே எடுத்துக்க.”

“எனக்கு எந்த மாடியும் வேண்டாம் சார். எங்க வீட்டு மேல ரப்பர வைக்கிற கை என் கையா இருக்காது.”

“உன் கை இல்லன்னா வேற கை. நாளைக்குப் பத்து மணிக்கு வருவேன்.” செபஸ்டியான் பக்கம் திரும்பி, “ஸ்டுடியோ நடத்தணும்ல?” என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போனார். செபஸ்டியானுக்கு வேர்த்து ஊற்றியது. அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். ஸ்டுடியோச் சாவியை எப்போதும்போல அவளிடமே கொடுத்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் இருளாயி கடை முன்னால் தெரு கூடியது. நாளைக்குப் பத்து மணிக்கு யாரோ ஒருவன் ரப்பரை இழுத்தால் முப்பத்தேழு வீடும் போய்விடும் என்று தவமணி உடைத்துச் சொன்னாள். படத்தையே அழித்துவிடு என்றார்கள் சிலர். படம் போனால் தெருவும் சேர்ந்து போய்விட்டால் என்ன செய்வது என்று அவர்களே வாயை மூடிக்கொண்டார்கள். கம்ப்யூட்டரைத் தூக்கிக் கண்மாயில் போடு என்றார்கள் சிலர். அழகர்தான் எழுந்து நின்றான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன்.

“எனக்கு இந்தப் பெயிண்டே வேண்டாம். நோட்டீச நிக்க விடாம ஆக்குனது நல்லதுதான், இல்லங்கல. அதுக்காக எத்தன நாளு இதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுக் கெடக்குறது? நான் கட்டுன வீட்டுல என் பேர என்னால வாசிக்க முடியல. திருட்டுப்பய மாதிரி இருக்கு. நாம என்ன திருடியா இங்க குடியிருக்கோம்?”

“அப்படிக் கேளு கொழுந்தா” என்றாள் இருளாயி.

தவமணிக்கு அப்போது வந்த கோபம் அவளுக்கே புதுசு. பன்னிரண்டு வருஷமாக யார் என்ன கேட்டாலும் ஏற்றிக்கொடுத்து, குறைத்துக்கொடுத்து, மறைத்துக்கொடுத்த கை அவளுடையது. “அந்த ஆபீசரு அழிக்கட்டும் அக்கா. நல்லா அழிக்கட்டும். ஆனா அழிச்சா அடியில என்ன இருக்கணும்னு நாம முடிவு பண்ணுவோம்” என்றாள். அவர்களுக்குப் புரியவில்லை. “படத்துக்கு அடியில படம் வைக்கலாம். பீரோவுல சேலை அடுக்கற மாதிரி. மேல உள்ளத எடுத்தா அடுத்த சேலைதான் தெரியும், பீரோ காலியாகாது. அவ்வளவுதான். எல்லாரும் காலைல அஞ்சரைக்கு ஸ்டுடியோவுக்கு வாங்க, வீட்டுல இருக்குற எல்லாப் போட்டோவையும் எடுத்துக்கிட்டு வாங்க. தலைய வாரிக்கிட்டு வாங்க.”

வந்தார்கள். பாலம் தாண்டி, பெயிண்டை உதிர்த்து, சுருக்கமும் மச்சமும் தழும்புமாகத் தெருவே வந்து வரிசையில் நின்றது. வரிசையில் நிற்பதில் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. செல்போனிலும் ஆல்பத்திலும் கிழிந்த கவரிலும் படங்கள் வந்தன. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வருஷத்துப் படம், கண்மாய் உடைந்து இடுப்பளவு தண்ணீர் நின்ற வருஷத்துப் படம், செங்கல் சுவர் பாதி எழும்பிய படம், அதற்கு முந்தைய ஓலைக் குடிசை, ஓலைக்கும் முன்னால் நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும். அக்காவின் சடங்குக்கு எடுத்த படத்தில் பின்னால் சுவர் தெரிந்தால் அந்தச் சுவரை வெட்டி எடுத்தாள், சண்டையில் கிழித்த கல்யாணப் படத்தில் வாசல் தெரிந்தால் அந்த வாசலை எடுத்தாள், எடுத்ததை எடுத்த வருஷத்தில் வைத்தாள், வைத்ததன்மேல் அடுத்த வருஷத்தை வைத்தாள், எல்லாவற்றின் மேலும் பெயிண்டை விட்டுவைத்தாள். பிறகு ஒவ்வொரு குடும்பத்தையும் பாஸ்போர்ட் படம் எடுக்கும் நீலத் துணி முன்னால் நிறுத்தி, முழு உருவமாகப் படம் எடுத்தாள். சிரிக்கணுமா என்று கேட்டார்கள். வேண்டாம், நேராகப் பாருங்கள் போதும் என்றாள்.

ஒன்பது மணிக்கு வந்த செபஸ்டியான், தன் கடை வாசலில் முப்பத்தேழு குடும்பம் நிற்பதைப் பார்த்தான். உள்ளே போய்த் திரையைப் பார்த்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, “நான் எதையும் பாக்கல. வேல முடிஞ்சதும் சொல்லு, ஷட்டர ஏத்தி விடுறேன்” என்று வாசலில் காவலுக்கு உட்கார்ந்தான்.

படம் எடுத்து முடிந்ததும் தெருக்காரர்கள் பாலம் தாண்டி வீடு திரும்பிவிட்டார்கள். பத்து மணிக்கு வைகுந்தநாதன் வந்தார். பாலத்தடியில் ஓர் ஆளைப் போனோடு நிறுத்தியிருந்தார், அங்கே நடப்பதைச் சொல்வதற்கு. தவமணி எழுந்து ஒதுங்கி நின்றாள். செபஸ்டியானை அழிக்கச் சொன்னார். அவன் தொட்ட வேகத்தில் மவுஸ் மேசையைவிட்டு விழுந்தது. “தள்ளு” என்று அவரே உட்கார்ந்தார். ரப்பர் எங்கே என்று கேட்டார், தவமணி மரியாதையாகக் காட்டினாள்.

முதல் இழுப்பு இருளாயி கடையின்மேல். பெயிண்ட் வழித்துக்கொண்டு வந்தது. அடியில் கூரை, கூரைக்கடியில் சுவர், சுவரில் கதவு நம்பர், நம்பர் பக்கத்தில் இருளாயி இட்லிக் கடை என்று கோணல் எழுத்தில் பலகை.

“சார், வீடு போகல சார்” என்றது போன். “முன்னவிட நல்லாத் தெரியுது சார். போர்டு கூட வாசிக்க முடியுது.”

அவர் மறுபடி இழுத்தார், முப்பத்தேழு வீட்டின் மேலும் ஒரே இழுப்பாக. கண்மாய் உடைந்த வருஷம் வந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது சார், மேசைமேல் அடுப்பை வைத்து இட்லி அவிக்கிறார்கள் சார் என்றது போன். இழுத்தார். பாதிச் சுவர் வந்தது, பாதிச் சுவரில் சாய்ந்தபடி அழகர் பீடி பற்றவைத்தான். இழுத்தார். ஓலை வந்தது. சட்டையில் வியர்வை ஊறிவிட்டது அவருக்கு, ஆனால் முகத்தில் ஒரு தெளிவும் வந்தது. அடுக்கு குறையக் குறைய வீடு சின்னதாகிறதே, எப்படியும் எல்லாவற்றுக்கும் அடியில் வெறும் கரைதானே இருக்கவேண்டும்! இழுத்தார், தார்ப்பாய் வந்தது. இழுத்தார், நாலு கம்பு மட்டும் நின்றது, பக்கத்தில் மூன்று கல் வைத்த அடுப்பு. “இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்றார் சத்தமாக, இழுத்தார்.

அடியில் அவர் கொடுத்த அதே படம் இருந்தது. அக்கரையிலிருந்து எடுத்தது. ஆனால் தவமணி அதில் ஒவ்வொரு கதவிலும் நம்பரையும் பெயரையும் எழுத்தெழுத்தாக எழுதியிருந்தாள். ஒவ்வொரு வாசலிலும் அந்தந்தக் குடும்பத்தைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள், இருக்கிற கலரில், இருக்கிற சுருக்கத்தோடு. அத்தனை பேரும் நேராக அவரைப் பார்த்தார்கள்.

“சார், எல்லாரும் வாசலுக்கு வந்துட்டாங்க சார்” என்றது போன். “யாரும் ஒண்ணும் பேசல. சும்மா நிக்கிறாங்க.”

அவர் இழுத்தார். ரப்பர் ஓடியது, ஒன்றும் அழியவில்லை. படத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பூட்டு தெரிந்தது, யாரும் அழிக்க முடியாதபடி தவமணி அந்தப் படத்துக்குப் போட்ட பூட்டு. அழுத்தி இழுத்தார், இரண்டு கையாலும் மவுஸைப் பிடித்து இழுத்தார், தண்ணீர் குடித்துவிட்டு வந்து இழுத்தார். முழுசாக ஒரு மணி நேரம் ஆயிற்று. செபஸ்டியான் ஷட்டரை முழுதாக ஏற்றிவிட்டிருந்தான், பஸ் ஸ்டாண்டே உள்ளே எட்டிப் பார்த்தது.

தவமணி அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, செய்ததைச் சேமித்தாள். இனி அது அப்படித்தான்.

வைகுந்தநாதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தோற்ற முகத்தைக் காட்டக் கூடாதென்று சிரித்தார். “நல்லதும்மா. பெயிண்ட்டையும் எடுத்தாச்சு. இனிமே அந்தத் தெருவுல எழுத்து நிக்கும். சாயங்காலமே நோட்டீஸ் ஒட்டச் சொல்றேன்.”

“தாராளமா ஒட்டுங்க சார். வாசிச்சுப் பாத்துட்டுப் பதில் எழுதுறோம். இனிமே எங்க பேனாவும் எழுதும்ல” என்றாள் தவமணி. வாசலில் காதுகுத்து ஃப்ளெக்ஸுக்கு வந்த ஒரு குடும்பம் குழந்தையோடு நின்றிருந்தது. அவள் அவர்களை உள்ளே வரச்சொல்லிவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

“கொஞ்சம் எந்திரிங்க சார். இது நான் உக்கார்ற எடம்.”